மணலில் பதிந்த முதுகுகள்

வீரம்மாவின் மூக்கு கொஞ்சம் நீளம். ரப்பர்ப் பால்வெட்டுக் காலத்தில் தோட்டத்துப் பெண்கள் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத நாளில்லை. கண் போன பிறகு அந்த மூக்குதான் அவளுக்கு ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுத்தது. ஹில்டாவின் குட்டு உடைந்ததும் அதனால்தான்.

மலேசியாவில் ஈப்போ பக்கம், செமோர் டவுனைத் தாண்டி மாதா கோயிலுக்குச் சொந்தமான ஒரு பழைய பலகை வீடு இருந்தது. அதில் பார்வையில்லாதவர்களுக்காக ஹில்டா ஓர் இல்லம் நடத்தி வந்தாள். பத்து காஜா ஊர்க்காரி. நர்ஸ் வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியவள். அவள் வாயைத் திறந்தால் பக்கத்துக் கம்பத்து மலாய் வீட்டுக் கோழிகள்கூட மேய்ச்சலை நிறுத்திவிடும், அப்படி ஒரு குரல். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் அங்கே தங்கி, பழைய பேப்பரில் பை ஒட்டினார்கள். மளிகைக் கடைகளில் பருப்பும் மிளகாயும் கட்டிக்கொடுக்க அந்தப் பைகள் போயின.

வீரம்மா அங்கே வந்தது எழுபத்தொன்பதில். அதற்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். அங்கே அவளைப் போல வேகமாகப் பால் வெட்ட ஆளில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அசிட் இருந்த ஜாடியை ஒருநாள் பால் ஸ்டோரில் யாரோ கைதவறிப் போட்டுவிட, அது அவள் முகத்தில் தெறித்தது. ஆஸ்பத்திரியில் முகத்தைக் காப்பாற்றினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தங்கமானவள். ஒரு குவளைத் தண்ணீர்கூட இவளை மொண்டு குடிக்க விடமாட்டாள். "நீ ஒக்காரு வீரம்மா, நான் கொண்டாறேன்," என்பாள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அப்படியேதான். இன்னும் கொஞ்ச காலம் போனால் தன்மேல் பாசி படிந்துவிடும் என்று வீரம்மாவுக்குத் தோன்றிவிட்டது. செமோரில் பை ஒட்டும் வேலை இருக்கிறது என்று காதில் விழுந்த அன்றே துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதனால் அந்தப் பைகள்மேல் அவளுக்குத் தனிப் பெருமை. மற்றவர்கள் அடியை ஒருமுறை மடிப்பார்கள். அவள் இரண்டுமுறை மடிப்பாள். "என் பையில ஆணியப் போட்டாலும் அடி பிய்யாது," என்று சொல்லிக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு காலை, பசை காய்ச்ச மாவு எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் சாமான் அறையைத் தாண்டும்போது அவள் மூக்கு நின்றது. காய்ந்த பசை வாடை. பேப்பர் வாடை. அதோடு எலிப்புழுக்கை. கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது. கையை நீட்டினாள். கட்டுக்கட்டாகப் பைகள், தரையிலிருந்து அவள் தலைக்கு மேல்வரை. ஒன்றை உருவி அடியைத் தடவினாள். இரண்டு மடிப்பு.

"ஹில்டாக்கா!"

ஹில்டா ஓடிவரும் சத்தம் கேட்டது.

"இங்க இருக்கிறது நாங்க ஒட்டின பைதானே?"

ஹில்டாவின் குரல் இவ்வளவு தணிந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "கடைக்காரங்க எல்லாரும் பிளாஸ்டிக் பைக்கு மாறிட்டாங்க வீரம்மா. போன தீபாவளியோட நின்னு போச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அப்ப இத்தன நாளா நாங்க எலிக்கு வீடு கட்டினோமா?"

பின்னால் பத்துமலை சிரித்துவிட்டான். தோட்டத்து லோரியில் அட்டெண்டனாக இருந்தவன். இனிப்பு நீர் நோயில் பார்வை மங்கி மங்கிப் போனவன். எதற்கும் சிரிப்பான். "எலிக்கு நல்ல பங்களாலா," என்றான்.

வீரம்மா சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. ஹில்டா தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"அண்ணி என்னைச் சும்மா ஒக்கார வச்சாங்க. நீங்க கையில பேப்பரக் குடுத்து ஒக்கார வச்சீங்க. என்னாக்கா வித்தியாசம்?"

ஹில்டா தட்டை நீட்டினாள். "நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்க்கா. அதான் சண்டகூட போட முடியல." வீரம்மா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "யாருக்காச்சும் நெஜமா வேணுங்கிற சாமானா செய்யணும். எங்களப் பாத்து வாங்கக் கூடாது. சாமானப் பாத்து வாங்கணும்."

ஹில்டா அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு நேரே போனது தன் தம்பி யேசுதாசனிடம்.

யேசுதாசன் ஈப்போவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் இருந்தான். சுரங்கக் குளங்களில் மிதந்து வெள்ளீயம் தோண்டும் கப்பல்களுக்கு உதிரிப் பாகங்களை இரும்பில் வார்ப்பது அந்தப் பட்டறையின் தொழில். முதலில் அந்தப் பாகத்தை மரத்தில் செய்யவேண்டும். அதை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும்; பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் செய்வது யேசுதாசன் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் செமோருக்கு வந்தான். வீரம்மா பழைய பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவன் பேசவே இல்லை. பட்டறைப் புகையும் மரத்தூளும் கலந்த ஒரு வாசம் தன் எதிரில் வந்து உட்கார்ந்ததுதான் வீரம்மாவுக்குத் தெரிந்தது.

"யாரு? வாய் இருக்கா, இல்லயா?" என்றாள்.

"இருக்கு," என்றது அந்த வாசம். கொஞ்சம் பொறுத்து, "நீங்க எப்படி முடிச்சுப் போடறீங்கன்னு பாக்கிறேன்," என்றது.

அப்படி மூன்று நான்கு ஞாயிறு வந்து பார்த்தான். பிறகு ஒருநாள் ஒரு டின்னை அவள் கையில் கொடுத்தான். உள்ளே மர மணிகள். பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுத் தோட்டங்களில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாய்த்த மரம் முன்பெல்லாம் அடுப்புக்குப் போகும். இப்போது செமோரில் தௌக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி அதை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்தார். மிஞ்சும் துண்டுகளில் இந்த மணிகளைக் கடையச் சொல்லியிருந்தான் யேசுதாசன்.

வீரம்மா ஒரு மணியை மூக்கருகே கொண்டுபோனாள். "ரப்பர் மரமா? அப்ப இது எங்கிட்ட வெட்டு வாங்கினதாக்கூட இருக்கும்லா."

"டாக்சிக்காரங்க, லோரிக்காரங்க சீட்டுல மணிப்பாய் போடறாங்க. முதுகு வேர்க்காது, வலி கொஞ்சம் கேக்கும். வெளியூர்ச் சரக்குதான் வருது. சீக்கிரம் அறுந்துடுது. நீங்க போடற முடிச்சு அறுந்துபோவாது."

"எங்கள வச்சு விளம்பரம் பண்ணுவீங்களா?"

"மணிப்பாய்க்கு எதுக்கு அதெல்லாம்?" என்றான்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது.

யேசுதாசன் ஆளுக்கொரு பலகை செய்து வந்தான். பலகையில் வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டியிருந்தான்; மணி அதில் உட்காரும், உருளாது. எத்தனையாவது வரிசை என்று விரலுக்குத் தெரிய ஓரத்தில் மரமுளை. நைலான் கயிற்றின் நுனியை நெருப்பில் காட்டி ஊசிபோல விறைப்பாக்கிக் கொடுத்தான். இரண்டு வாரத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் அர்ச்சுனன், யேசுதாசனுக்குக் கூட்டாளி. அவன் மணிப்பாய்களை வாங்கிப் போய் மற்ற லோரிக்காரர்களுக்கு விற்றான். நன்றாகவே ஓடியது. பிய்ந்துபோனது என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீரம்மாவுக்குத்தான் சரியாக இல்லை.

ஒரே அளவு மணி. ஒரே முடிச்சு. ஒரே வரிசை. பலகை அத்தனை வசதியாக இருந்ததால் தப்புச் செய்யவே வழியில்லை. பால்வெட்டில் ஒவ்வொரு மரமும் ஒரு தினுசு. ஒன்றின் பட்டை தடிப்பு, ஒன்றுக்குக் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கணும், மழைக்கு மறுநாள் இன்னொரு மாதிரி. இங்கே கை வேலை செய்ய, மனசு மூலையில் படுத்துத் தூங்கியது. பக்கத்தில் பத்துமலை ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு சந்தோஷமாகக் கோத்தான். அதைக் கேட்க அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் பொழுது போகாமல் ஒரு குறும்பு செய்தாள். தௌக்கே அனுப்பிய மூட்டையில் தவறிப்போய்க் கொட்டைப்பாக்கு அளவில் கொஞ்சம் பெரிய மணிகள் கலந்திருந்தன. அவற்றைப் பொறுக்கி, ஒரு பாயின் கீழ்ப்பகுதியில் இடப்பக்கமாக ஒரு கொத்தாகக் கோத்துவிட்டாள். எவன் முதுகிலாவது குத்தட்டும், குத்தினால் அவனாவது வந்து சண்டை போடுவான், பேச்சுக்கு ஆள் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சண்டைக்கு வந்தது அர்ச்சுனனே. லோரியை வாசலில் நிறுத்திவிட்டு, "அந்தப் பெரிய மணி வச்சது யாரு?" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

ஹில்டா பயந்துபோனாள். வீரம்மா எழுந்து நின்றாள். "நான்தான். இப்ப என்னாங்கிறீங்க?"

"அலாமா! தங்கச்சி, அது எனக்கே எனக்குன்னு செஞ்சதா? எட்டு வருஷமா அந்த எடத்துலதான் வலி. அந்தக் கொத்து சரியா அங்க போய் ஒக்காருது. ஈப்போ போய்த் திரும்பி வந்தேன், இறங்கறப்ப இடுப்பப் பிடிக்கல!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கூட லோரி ஓட்டற ஐயாவுகிட்ட ஆசையாக் குடுத்து ஒக்காரச் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல தூக்கி எறிஞ்சிட்டான். அவனுக்கு உயிர் போகுதாம்," என்றான்.

பத்துமலை விழுந்து விழுந்து சிரித்தான். வீரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மூலையில் யேசுதாசன் இருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"ஒருத்தர் முதுகு மாதிரி இன்னொருத்தர் முதுகு இல்ல," என்றான்.

"அது ஊருக்கே தெரியும்ணே. ஒவ்வொருத்தருக்கும் அளவெடுக்கணும்னா எப்படி? கண்ணிருந்தாலும் முதுகப் பாத்து வலி தெரியுமா? தொட்டுப் பாக்கலாம்னா, நான் பொம்பள. லோரிக்காரன் முதுகெல்லாம் தடவிக்கிட்டு இருந்தா ஊரு என்னா பேசும்?" என்றாள் வீரம்மா.

"ஊரு பேசறது இருக்கட்டும், என் பொண்டாட்டி பேச மாட்டா. நேரா அடிதான்," என்றான் அர்ச்சுனன்.

அடுத்த வாரம் யேசுதாசன் அர்ச்சுனனின் லோரியிலேயே வந்தான். பின்னால் ஒரு பழைய லோரி சீட்டின் சட்டம். அதில் உட்காரும் இடத்துக்கும் சாயும் இடத்துக்கும் ஆழமாகப் பெட்டி அடித்திருந்தான். பெட்டி நிறையப் பட்டறையில் வார்ப்புக்குப் பயன்படும் களிமண் கலந்த மணல். கொஞ்சம் ஈரம் காட்டினால் போதும், பிடித்த பிடி அப்படியே நிற்கும். மேலே ஒரு மெல்லிய வேட்டித் துணியை விரித்தான்.

"ஒக்காரு மச்சான். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கைய வச்சுக்க. கோப்பி குடிக்கிற நேரம் அப்படியே இரு."

அர்ச்சுனன் உட்கார்ந்தான். ஹில்டா கோப்பி கொடுத்தாள். குடித்து முடித்து அவன் எழுந்ததும் யேசுதாசன் துணியை அலுங்காமல் எடுத்துவிட்டு, வீரம்மாவின் கையைப் பிடித்து மணல்மேல் வைத்தான்.

ஓர் ஆள் அங்கே இருந்தான். அகலமான தோள், அதில் இடது தோள் கீழே இறங்கியிருந்தது; கியர் போடும்போது சாய்ந்து சாய்ந்து வந்த பழக்கம் போல. முதுகெலும்பு ஒரு வாய்க்காலாக ஓடியது. இடுப்புக்கு மேலே, இடப்பக்கம் மணல் அழுந்தவே இல்லை; ஒரு மேடு அப்படியே நின்றது. அங்கே முதுகு எதிலும் சாயாமல் வெறுமனே தொங்கியிருக்கிறது. அவள் விரல்கள் மேலே போயின, கீழே வந்தன, திரும்பப் போயின. பிறகு உட்காரும் பெட்டிக்கு இறங்கி, ஒரு பக்கத்தில் சதுரமாக ஒரு பள்ளத்தைத் தொட்டு நின்றன.

"அர்ச்சுனன் அண்ணே, பின் பாக்கெட்டுல என்னா வச்சிருக்கீங்க?"

"பர்ஸு. ஏன்?"

"கல்லு மாதிரி இருக்கே. நாள் முழுக்க அதுமேல ஒரு பக்கமா ஒக்காந்தா இடுப்பு கோணாம என்னா செய்யும்? அத எடுத்து முன்னால வைங்க."

அர்ச்சுனன் பர்ஸை எடுத்துப் பார்த்தான். பழைய லாட்டரிச் சீட்டுகளால் அது தடித்துப் போயிருந்தது. "மூணு டாக்டரப் பாத்தேன். ஒருத்தரும் இதக் கேக்கல," என்றான்.

"அவங்க முன்னால நீங்க நின்னுருப்பீங்க. எங்க முன்னால ஒக்காந்தீங்க," என்றாள் வீரம்மா.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. யேசுதாசன் மூன்று அளவில் மணி கடையச் சொன்னான்: பட்டாணி, சுண்டைக்காய், கொட்டைப்பாக்கு. மணலில் மேடு நின்ற இடத்துக்குப் பெரிய மணி. எலும்பு ஆழமாக அழுத்திய இடத்துக்குச் சின்னது. சில இடத்தில் மணியே வேண்டாம், வெறும் கயிறு போதும். பழைய பலகைகளின் பள்ளத்தைத் தூர்த்து, எந்த அளவு மணியும் உட்காரும்படி மாற்றினான். எங்கே எதை வைப்பது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். சரியாக வந்தால் அவளுடைய பெருமை, தப்பினால் அவளுடைய வேலை. இரண்டு தடவை தப்பியது. ஒரு டாக்சிக்காரர் திரும்பி வந்து, தான் மணலில் உட்கார்ந்தபோது வெட்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதிலிருந்து யாராவது உட்கார்ந்தால் பத்துமலை ஒரு தமாஷ் சொல்லி அவர்களைச் சிரிக்க வைப்பான். சிரித்து முடித்த பிறகு மனிதர்கள் தங்கள் நிஜமான கோணலில் உட்கார்ந்தார்கள்.

செம்பனை லோரி, மணல் லோரி, பள்ளிக்கூட பஸ், சவ வண்டி ஓட்டுகிறவர்கூட வந்தார். மலாய்க்காரர் வந்தார், சீனர் வந்தார். வீரம்மா மூன்று பாஷையிலும் "சாய்ங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். ஆளின் பேரை மறந்தாலும் முதுகை மறக்கமாட்டாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு குரல் "என்னம்மா சௌக்கியமா?" என்று கேட்டால், "யாரு, வலது தோள் எறக்கமா?" என்பாள்.

எண்பத்தைந்து நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் நுழையும் முன்பே அவருடைய சென்ட் நுழைந்தது. பெரிய கடைகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பவராம். மணிப்பாய் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றார். எல்லாம் ஒரே மாதிரி, அழகான பெட்டியில்.

"பெட்டிமேல உங்க படம் போடலாம்மா. கண்ணிழந்தோர் கைவண்ணம்னு. ஜனங்க மனசு இளகி வாங்குவாங்க."

"படத்துல நான் சிரிக்கணுமா, அழணுமா?" என்று வீரம்மா கேட்டாள்.

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "லேசா சோகமா இருந்தா நல்லாருக்கும்."

ஹில்டா இருமினாள். அது சிரிப்பை அடக்கும் இருமல் என்று வீரம்மாவுக்குத் தெரியும்.

"ஐயா, வாங்கறவங்களுக்கு முதுகு வலிக்குதா?"

"அது தெரியாதும்மா. வலிக்கணும்னு இல்ல. ஒரு உதவியா வாங்கி வச்சுப்பாங்க."

"அப்ப கொண்டுபோய் ரூம்புல பூட்டி வைப்பாங்க," என்றாள் வீரம்மா. "வேணாம்யா."

அந்த மனிதர் கோப்பி ஆறும் முன்பே போய்விட்டார். வீரம்மாவுக்கு மலையைப் புரட்டிய நிம்மதி. ஆனால் பின்னாலிருந்து பத்துமலையின் குரல் வந்தது. அதில் சிரிப்பில்லை.

"நீயா முடிவு பண்ணிட்டியா?"

"என்னா?"

"படம் வேணாம், சரி. ஒரே மாதிரிப் பாய் எதுக்கு வேணாம்? ஒனக்கு அது அலுப்பு. எனக்கு அதான் புடிக்கும். கை அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு ரேடியோ கேப்பேன். மணல்ல கைய வச்சு அளக்கிறது எனக்கு வரல, வர வேணாம். உனக்குப் புடிக்காதது வேலையே இல்லன்னு யாரு சொன்னா?"

வீரம்மாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தன்னைக் கேட்காமல் விற்காத பையை ஒட்ட வைத்தார்கள் என்று குதித்தவள், இவனைக் கேட்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தடவித் தடவிப் போய் அவன் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கலாம்லா."

"நீ பேசறப்ப இடையில ஒரு ஈ நுழைய முடியுமா?" என்றான். சிரிப்பு அவனுக்குத் திரும்பிவிட்டது.

அன்றைக்கு எல்லாருமாக உட்கார்ந்து பேசினார்கள். அளவெடுத்துச் செய்கிறவர்கள் செய்யட்டும், சாதாரணப் பாய் கோக்கிறவர்கள் கோக்கட்டும் என்று முடிவாயிற்று. சாதாரணப் பாய்களை அர்ச்சுனன் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து டயர் கடைகளில் தொங்கவிட்டான். பெட்டி கிடையாது, படம் கிடையாது. வெயில் வருஷம் அது. கடைக்கு அனுப்பியதெல்லாம் போய்க்கொண்டே இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஈயத்தின் விலை ஒரேயடியாக விழுந்தது. ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கே திடீரென்று ஊமையானது போலிருந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, கப்பல்கள் நின்றன. கப்பல் நின்றால் உதிரிப் பாகம் எதற்கு? யேசுதாசனின் பட்டறையும் கதவைச் சாத்தியது.

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து மூலையில் உட்கார்ந்தான். மறுநாளும் வந்தான். முதல் நாளே வீரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சட்டையில் பட்டறைப் புகை வாசம் இல்லை. சவுக்கார வாசம் மட்டும் இருந்தது. ஹில்டா சமையற்கட்டில் ஜெபமாலை உருட்டினாளே தவிர, தம்பியிடம் வாயே திறக்கவில்லை. எதையாவது சொன்னால் அவன் மனம் நொந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

வீரம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு பிடி மணியை எடுத்துப்போய் அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"தடவிப் பாருங்கண்ணே."

"என்ன?"

"சிலாம்பு. ஓட்டை நடுவுல இல்ல. போன மாசம் ஒரு பஸ்காரரு சட்டை கிழிஞ்சு போச்சு. தௌக்கேகிட்ட சொன்னா, நாற்காலிக் கால் கடையவே ஆள் இல்ல, உன் மணிக்கா பாக்கச் சொல்றன்னு சிரிக்கிறாரு. நமக்குன்னு ஒரு கடைசல் மிஷின் வேணும். ஓட்ட ஆள் வேணும்."

"அக்கா சொல்லச் சொல்லிச்சா?"

"அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அழுது சூசா பண்ணித் தொல்லை குடுத்திடும்." அவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். "பட்டறைச் சம்பளம் வராது, இப்பவே சொல்லிடறேன். கடைசல் இல்லாத அன்னைக்கு நீங்களும் எங்களோட ஒக்காந்து கோக்கணும். பத்துமலை பாட்டையும் கேக்கணும்."

"அது கஷ்டம்," என்றான் யேசுதாசன். அந்த மூன்று நாளில் அவன் குரல் முதல்முறையாக ஈரப்பட்டது. மணிகளை உள்ளங்கையில் உருட்டும் சத்தம் கேட்டது. ஒன்றை நகத்தால் சுரண்டினான். "ஓட்டைய முதல்ல போட்டுட்டுக் கடைஞ்சிருக்கான். கடைஞ்ச பிறகுதான் போடணும்," என்றான். பிறகு எழுந்து, "தௌக்கேகிட்ட பழைய மிஷின் ஒண்ணு மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. கேட்டா விடுவாரு," என்று சொல்லிக்கொண்டே வெளியே போனான்.

விட்டார். துருப்பிடித்த அந்த மிஷினை அர்ச்சுனன் லோரியில் ஏற்றி வந்து பின்கட்டில் இறக்கினான். முன்பு பைகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து அதில் நிறுத்தினார்கள். துருவைச் சுரண்டி, பெல்ட்டை மாற்றி, யேசுதாசன் அதை ஓட வைத்த அன்று வீடு முழுக்கப் பச்சை மரத்தூள் வாசம் பரவியது.

முதல் மூட்டையைப் பெருமையாகக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். வீரம்மா கையை விட்டு அளைந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ரொம்ப வழவழங்குது."

"வழவழன்னு இருந்தாத்தானே நல்லது? பதினெட்டு வருஷ வேலை இது."

"கப்பலுக்கு நல்லது. முடிச்சு நிக்காது, வழுக்கிக்கிட்டு ஓடும். கொஞ்சம் சொரசொரப்பு வேணும்."

"கழுதை முதுகுக்கா செய்யறோம்?"

"மனுஷன் முதுகுக்குத்தான். கொஞ்சம் சொரண்டிக் குடுங்க."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹில்டா நடுவில் புகுந்து, உள்ளே ஓட்டைக்குச் சுரசுரப்பு, வெளியே வழவழப்பு என்று ஒரு வழி சொல்லிச் சண்டையை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆம்பளைச் செருப்பில்லை. வெற்றிலையும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த வாசம் படியேறி வந்தது.

"இங்க மணிப்பாய் செய்யறது யாருங்க?" ஒரு பெண்குரல். "என் பேரு நல்லம்மாள். ஈப்போ பாசார்ல, காய்கறிக் கடைக்கு மேல் மாடியில தைக்கிறேன். எங்க வீட்டுக்காரரு டாக்சில ஒண்ணு போட்டிருக்காரு, தினம் அதப் பத்தியே பேச்சு. காலையிலேர்ந்து குனிஞ்சு தைக்கிறது நான். வலி எனக்கும் இருக்கு. லோரிக்காரங்களுக்கு மட்டும்தானா?"

சண்டை நின்றது. "தையல் ஸ்டூலுக்குச் சாய முதுகுப் பலகையே கிடையாதே," என்று யேசுதாசன் தனக்குள் முணுமுணுத்தான். ஏதோ பலகையைத் தேடிப் போகும் அவன் காலடி கேட்டது.

"யாரு மட்டும்தான்னு சொன்னா? வாங்கக்கா," என்றாள் வீரம்மா. "இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. தைக்கிற மாதிரியே குனிங்க. பொம்பளைக்கு மணல் வேணாம், நானே பாக்கிறேன்."

நல்லம்மாள் உட்கார்ந்து குனிந்தாள். வீரம்மா மரத்தூள் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவள் முதுகில் வைத்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ஆமாக்கா. அங்கதான். அங்கயேதான்."